பழைய செங்கல் வீடு: சுவரில் உப்பு, மாடியில் ஒழுக்கு

கேள்வி (ஓமலூர்): சுண்ணாம்புக் காரையில் கட்டிய வீடு. 18 அங்குலச் சுவர், மெட்ராஸ் டெரஸ் கூரை. கீழே 4 அடிக்கு சிமெண்ட் பூசியிருக்கு. இப்போ பூச்சு முடியுற இடத்துக்கு மேல உப்பு பூத்து செங்கல் உதிருது. கைப்பிடிச் சுவர் ஓரம் ஒழுகுது. என்ன செய்யலாம்?

பதில் 1: முதல்ல அந்த சிமெண்ட் பூச்சை எடுங்க. தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்பு வழியா காஞ்சிடும். சிமெண்ட் அதை அடைக்கும், ஈரம் இன்னும் மேல ஏறும். கூட வரும் உப்பு செங்கலுக்குள்ள படிகமாகி அதை உடைக்கும். உப்பைக் காஞ்ச பிரஷ்ஷால் தட்டுங்க; தண்ணி விட்டுக் கழுவினா உப்பு திரும்ப உள்ளே போயிடும். ஒரு கோடை முழுக்கச் சுவர் காயட்டும். அப்புறம் நீற்றி ரெண்டு வாரமாவது ஊறின சுண்ணாம்பு 1 பங்கு, மணல் 3 பங்கு கலந்து பூசுங்க. ஒரு தடவைக்கு 10 மி.மீ.க்கு மேல வேண்டாம், வெடிக்கும். ஒரு வாரம் ஈரம் காக்கணும். மேலே வெள்ளையடிப்பு மட்டும், எமல்ஷன் கூடாது.

பதில் 2: மெட்ராஸ் டெரஸ் கூரைன்னா: தேக்குக் கட்டை, அதன்மேல் குறுக்குச் சாய்வாகக் குத்தி வெச்ச சின்னச் செங்கல், மேலே சுண்ணாம்பு சேர்த்து அடிச்ச செங்கல் ஜல்லி, கடைசியில் தட்டோடு. ஒழுக்குக்காக இதுமேல கான்கிரீட் போட்டுடாதீங்க, எடையில் கட்டை தொய்யும். கைப்பிடிச் சுவர் மூலையைக் கொத்தி, கடுக்காய்-வெல்லத் தண்ணி கலந்த காரையால் சாய்வாக அடைங்க. சுவருக்குள்ள இருக்கும் கட்டை நுனியை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்க. மக்கலும் கரையானும் அங்கதான் ஆரம்பிக்கும்.

கேள்வி கேட்டவர்: கட்டை மக்கியிருந்தா?

பதில் 2: கீழே முட்டுக் கொடுத்து, மக்கின நுனியை அறுத்து, பழைய தேக்கையே ஒட்டுப் போடலாம்.