கண்மாய் மராமத்து: ஊரின் பொறுப்பா, அரசின் பொறுப்பா?

கேள்வி – மேலூர் வட்டாரத்து விவசாயி:

எங்கள் ஊர்க் கண்மாயின் நடுமடைக் கதவு துருப்பிடித்து உடைந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஊர்க்கூட்டத்தில் வசூல் செய்து நாங்களே மாற்றிக்கொள்கிறோம் என்றபோது, அனுமதியின்றி மடையில் கைவைத்தால் வழக்கு வரும் என்று ஓர் அலுவலகத்தில் எச்சரித்தார்கள். சரி, நீங்களே செய்யுங்கள் என்றால் நிதி வரவில்லை என்கிறார்கள். பெரியாற்றுக் கால்வாயில் தண்ணீர் திறக்கும்போதெல்லாம் மணல்மூட்டை அடுக்கித்தான் ஒருபோகச் சாகுபடியைக் காப்பாற்றுகிறோம். ஊர் பார்த்துவந்த வேலையை அரசு எடுத்துக்கொண்டதே சீரழிவின் தொடக்கம் என்று பழமைவாத நோக்குடையவர்கள் சொல்வதுண்டு. அது சரியா? கண்மாயை ஆயக்கட்டுதாரர்களிடமே, அதாவது அதன் நீரில் பாசனம் பெறும் நிலத்தாரிடமே, ஒப்படைத்துவிடலாமா?

பதில் 1 – திருமங்கலம், ஓய்வுபெற்ற ஆசிரியர்:

அந்த நோக்குடையவர்களில் நானும் ஒருவன் என்பதால் சொல்கிறேன். ஊரார் கூடித் தங்கள் கண்மாயைப் பராமரிக்கும் குடிமராமத்து என்பது வெறும் மண்வெட்டு வேலை அன்று. பயன் பெறுகிறவனே பாடுபடுவதும், பாடுபடுகிறவனே முடிவெடுப்பதும் அதன் உயிர். வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்டு விடும் நீர்பாய்ச்சிக்குக் களத்து மேட்டில் நெல் அளந்த காலத்தில், அவர் ஊருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருந்தார். இன்று 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய் நீர்வளத்துறைக்கு, அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்துக்கு என்று பிரித்திருக்கிறார்களே தவிர, பாசனம் செய்கிறவரிடம் எதுவும் இல்லை.

2017இல் குடிமராமத்துத் திட்டம் மீண்டும் வந்தபோது, செலவில் பத்தில் ஒரு பங்கை விவசாயிகள் உழைப்பாகவோ பொருளாகவோ பணமாகவோ தர வேண்டும் என்றது நல்ல விதி. ஆனால் எந்தக் கண்மாய், எவ்வளவு தொகை என்பதை ஊர் தீர்மானிக்கவில்லை. டெல்லியின் கதையும் இதுதான். 2005ஆம் ஆண்டு வேலை உறுதிச் சட்டம், பொருட்செலவு 40 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று நாடு முழுமைக்கும் ஒரே அளவை வைத்தது. கரையில் மண் போடுவதற்குப் பொருந்திய அந்தக் கணக்கு, இரும்பும் சிமெண்டும் கேட்கும் மடைக்குப் பொருந்தவில்லை. அரசே வேண்டாம் என்பதன்று எங்கள் வாதம். அரசியலமைப்பின் 11ஆவது அட்டவணையே சிறுபாசனத்தை ஊராட்சிகளுக்கு உரியதாகச் சொல்கிறது; சொன்னதைக் கொடுங்கள் என்கிறோம்.

பதில் 2 – பாசனப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற பொறியாளர்:

ஆசிரியர் ஐயா சொல்வதில் பாதிக்கு உடன்படுகிறேன். ஆனால் மேலூர்ப் பக்கத்துக்கு வரும் தண்ணீர், 1895இல் பெரியாற்று அணை கட்டி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய தண்ணீர். அதை எந்த ஊரும் தனித்துக் கொண்டுவந்திருக்க முடியாது. மேல்கண்மாய்க்காரர், மிகுநீர் வெளியேறும் மறுகாலை அடைத்தால், கீழ்கண்மாய்க்காரர் யாரிடம் போய் நிற்பார்? கண்மாய்க்குள் கைநீட்டுகிறவர் உள்ளூர்ச் செல்வாக்குடையவர் என்றால், ஊர்க்கூட்டம் வாய் திறக்காது. 2007ஆம் ஆண்டு ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் அதற்காகத்தான் வந்தது. இன்னொன்று: குடிமராமத்து எல்லாரும் மனமுவந்து செய்ததாக எண்ண வேண்டாம். 1858இலேயே சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் போட வேண்டியிருந்தது.

பதில் 3 – உசிலம்பட்டி வாசகி:

அந்தக் கட்டாய உழைப்பில் மண் சுமந்தவர்களில் பலருக்கு ஆயக்கட்டில் ஒரு குழி நிலம்கூட இருந்ததில்லை. நீர்பாய்ச்சிக்கு அளந்த நெல்லை மட்டும் நினைவில் வைத்திருக்கும் ஐயா, அந்த நீர்பாய்ச்சி ஊர்க்கூட்டத்தில் எங்கே உட்கார்ந்தார் என்பதையும் சொல்லியிருக்கலாம். பட்டாதாரர்கள் மட்டுமே உள்ள சங்கத்திடம் கண்மாயைக் கொடுத்தால், விளைச்சலில் பங்கு தந்து வாரத்துக்கு உழுகிறவருக்கும் ஆடுமாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறவருக்கும் அது திரும்பி வந்ததாகாது.

பதில் 4 – ஓய்வுபெற்ற ஆசிரியர்:

அம்மா சொல்வது உண்மை, மறுக்க மாட்டேன். பழைய முறையில் காக்க வேண்டியது பொறுப்பு மட்டுமே, படிநிலை அன்று. ஆகவே ஆயக்கட்டுச் சங்கத்தைவிட, எல்லாருக்கும் வாக்குள்ள கிராம சபையே தகுந்த இடம் என்று என் கருத்தைத் திருத்திக்கொள்கிறேன். கால்வாயும், முறைவைத்துத் தண்ணீர் விடும் முறைப்பாசனமும், ஆக்கிரமிப்பு அகற்றுவதும் அரசிடம் இருக்கட்டும். மடை, மிகுநீர் வழியும் கலுங்கு, கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் ஆகியவற்றின் மராமத்தும், கண்மாயில் மீன் பிடிக்க விடும் மீன்பாசிக் குத்தகைப் பணமும் ஊரிடம் வரட்டும். பணம் வராமல் பொறுப்பு மட்டும் வருமானால் வாங்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்:

குத்தகைப் பணத்தைப் பற்றி நாங்கள் இதுவரை கேட்டதே இல்லை. அக்டோபர் 2 கிராம சபையில், அந்தத் தொகையிலிருந்து மடைக்கதவு மாற்ற அனுமதி கோரித் தீர்மானம் கொண்டுவருகிறோம். பொறியாளர் ஐயா, கதவுக்கான மதிப்பீட்டை எழுதித் தர உதவுவீர்களா?