மறுமொழி: "மறையாக்கிய மேலாண்மைச் சட்டகம்" என்ற சொல் பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம். வைஃபையில் இணைப்பதையும் துண்டிப்பதையும் கட்டுப்படுத்தும் செய்திப்பொதியை (ஆங்கிலத்தில் "ஃபிரேம்") மேலாண்மைச் சட்டகம் என்கிறோம். அதில் போலியிலிருந்து காக்கப்பட்ட வகைக்கு, அதாவது "புரொடெக்டட் மேனேஜ்மென்ட் ஃபிரேம்" என்பதற்கு, தமிழ்ச் சொல் தேடும்போது ஒருவர் எழுதியது இது:

> "மறையாக்கிய மேலாண்மைச் சட்டகம்" என்றே வைத்துவிடலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தவறாகப் புரியும். அதனால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

2009இல் வைஃபை நெறிமுறைக்கு 802.11டபிள்யூ என்ற திருத்தம் வரும்வரை வைஃபையில் பூட்டு தரவுக்கு மட்டும்தான். "உன் இணைப்பைத் துண்டிக்கிறேன்" என்று அணுகல் முனை (வைஃபை இணைப்பைத் தரும் கருவி) சொல்லும் சட்டகம் பூட்டில்லாமல் போகும். பக்கத்தில் இருக்கும் யாரும் அணுகல் முனையின் முகவரியைப் போட்டு அதே சட்டகத்தை அனுப்பி, அடுத்தவர் இணைப்பை அறுத்துவிடலாம். திருத்தம் இதைத் தடுக்க வழிசெய்தது. 2018இல் வந்த டபிள்யூபிஏ3 என்ற பாதுகாப்பு முறை அதைக் கட்டாயமாக்கியது.

எப்படித் தடுக்கிறார்கள் என்பதில்தான் நம் சொல் இடறுகிறது. ஒரே கருவிக்குப் போகும் துண்டிப்புச் சட்டகம் மறையாக்கப்படுகிறது. எல்லோருக்கும் பரப்பும் துண்டிப்புச் சட்டகத்தை மறையாக்குவதே இல்லை. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அது போலியா என்று சரிபார்க்க, கடைசியில் ஒரு குறி மட்டும் ஒட்டியிருக்கும். ஆங்கில வரையறை இரண்டையும் "புரொடெக்டட்" என்கிறது, "என்கிரிப்டட்" என்று சொல்லவில்லை. நாம் மட்டும் ஏன் மறையாக்கம் என்று சொல்லி பாதியை வெளியே தள்ள வேண்டும்?

என் பரிந்துரை: காப்புற்ற மேலாண்மைச் சட்டகம். ஊர்த் திருவிழாவில் காப்புக் கட்டியவரை எல்லோரும் பார்க்கிறோம். காப்பு எதையும் ஒளிப்பதில்லை. இங்கே வேண்டிய பொருள் அதுதான். "காப்புச் சட்டகம்" என்று சுருக்கினால் காப்புநகல் நினைவுக்கு வந்துவிடும், அதனால் "உற்ற" இருக்கட்டும். "சட்டகம்" என்பதைச் "சட்டம்" ஆக்கவும் வேண்டாம். "மேலாண்மைச் சட்டம்" என்றால் சட்டமன்றத்தில் நிறைவேறியது என்றுதான் படிப்பார்கள்.

இயக்கிக்கும் (கணினியில் இருந்து வைஃபை சில்லை ஓட்டும் மென்பொருள், "டிரைவர்") நிலைபொருளுக்கும் (சில்லுக்குள்ளேயே ஓடும் மென்பொருள், "ஃபர்ம்வேர்") நடுவில் நடப்பதைப் பார்த்தால் இந்த வேறுபாடு இன்னும் முக்கியமாகிறது. (இந்த இரண்டு சொற்களும் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளவை, அப்படியே எடுத்துக்கொள்வோம்.) லினக்சின் ஏத்10கே இயக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். சட்டகத் தலைப்பில் "இது காப்புற்றது" என்று சொல்லும் ஒரு பிட் உண்டு. வந்த சட்டகத்தை நிலைபொருளே மறைநீக்கி இயக்கியிடம் கொடுக்கிறது, ஆனால் அந்தப் பிட்டை அணைக்காமலே கொடுக்கிறது. உள்ளே இருப்பது தெளிவான உரை, மேலே எழுதியிருப்பது "காப்புற்றது". இயக்கி பேசாமல் இருந்தால் மேலே உள்ள மேக்80211 என்ற லினக்சின் வைஃபை அடுக்கு ஏற்கெனவே திறந்ததை மறுபடி திறக்கப் பார்க்கும். அதனால் "மறைநீக்கியாயிற்று" என்று இயக்கி தனியாக ஒரு கொடி போட்டு அனுப்புகிறது.

இதற்கு ஒரு விலக்கும் உண்டு. வெப் என்ற பழைய வைஃபை மறையாக்க முறையில், இணைய வரும் கருவியின் அடையாளத்தைச் சரிபார்க்கும் சட்டகத்தில் அதே பிட் இருக்கும், உள்ளடக்கமும் உண்மையிலேயே மறையாக்கத்தோடு இருக்கும். ஒரே பிட், இரண்டு நிலை! இதைத் தமிழில் விளக்கும்போது பிட்டை "மறையாக்கப் பிட்" என்று எழுதினால், "மறையாக்கப் பிட் உள்ள, மறையாக்கம் இல்லாத சட்டகம்" என்று வரும். காப்புக் குறி என்று எழுதினால் சிக்கல் இல்லை. "காப்புக் குறி இருக்கிறது, மறைநீக்கமும் முடிந்தது" என்று நேராகச் சொல்லிவிடலாம்.

அப்புறம், கடைசியில் ஒட்டும் அந்தச் சரிபார்ப்புக் குறி. ஒரே கருவிக்குப் போகும் காப்புற்ற சட்டகத்திலும் இப்படி ஒரு குறி உண்டு. அதை அனுப்பும்போது இந்த இயக்கி சட்டகத்தின் வாலில் குறிக்கு இடம் விட்டு நிலைபொருளிடம் கொடுக்கும், மறையாக்கத்தோடு அதை நிரப்புவது நிலைபொருளின் வேலை. முன்பு ஒருவர் சொன்ன "செய்தி முழுமைக் குறிமுறை" சொல்லுக்குச் சொல் சரி, ஆனால் வாயில் நுழையவில்லை. இன்னொருவர் "கையொப்பம்" என்றார். அது பொருந்தாது. கையொப்பம் ஒருவருக்கே உரியது. பரப்பும் சட்டகங்களுக்கான திறவுகோலோ அந்த வலையில் இணைந்த எல்லாக் கருவிகளிடமும் இருக்கிறது. உள்ளே இருக்கும் ஒருவர் நினைத்தால் அதே குறியைப் போட்டுவிட முடியும். அச்சு யார் கையில் இருக்கிறதோ அவர் குத்தலாம் என்பது முத்திரையின் இயல்பு. ஆகவே முத்திரை.

பழஞ்சொல் வேண்டும் என்பவர்களுக்கு: அகநானூற்றின் 77ஆம் பாடலில், ஓலை இட்ட குடத்தின் இலச்சினையைப் பார்த்துச் சரிபார்த்த பிறகே அதை அழித்துத் திறக்கிறார்கள். பெறும் பக்கத்தில் முத்திரையைச் சரிபார்த்து நீக்குவதும் இதே வேலைதான். அங்கே வரும் சொல் "பொறி". எனக்கு அது மிகவும் பிடிக்கும், ஆனால் இன்று பொறியியல் அதை முழுதாக எடுத்துக்கொண்டுவிட்டது.

சொற்கள் ஓடுகின்றனவா என்று ஒரு வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்:

"காப்புற்ற மேலாண்மைச் சட்டகத்தை நிலைபொருள் மறைநீக்கி, முத்திரையைச் சரிபார்த்துத் தந்தால், காப்புக் குறி இருந்தாலும் இயக்கி அதை மீண்டும் மறைநீக்கக் கூடாது."

எனக்கு ஓடுகிறது. "மறைநீக்கி" என்பது வினையெச்சமா, கருவியின் பெயரா என்ற குழப்பம் மட்டும் மிச்சம். "மறைநீக்கம் செய்து" என்று நீட்டலாமா, வேறு நல்ல வினை இருக்கிறதா? உங்கள் கோப்புகளில் ஒரு பத்தியாவது மாற்றிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.