அக்கா மகளுக்கு மதுரையில் எங்கே காட்டலாம்?

அக்கா மகளுக்கு வயது 15, ஊர் மேலூர் பக்கம். பெரியவளாகி 3 வருடம் ஆகிறது. ஆறு மாதமாக மாதவிடாய் தள்ளித் தள்ளி வருகிறது; வந்தால் 10 நாளானாலும் நிற்பதில்லை. ஹீமோகுளோபின் 8.5. பள்ளிக்கூடத்தில் ஒருமுறை மயங்கியும் விழுந்துவிட்டாள்.

உளுந்தங்களி, இரும்புச்சத்து மாத்திரை எல்லாம் கொடுத்துப் பார்த்தாயிற்று. 104 மருத்துவ உதவி எண்ணுக்குப் பேசினோம், மகளிர் மருத்துவரிடம் காட்டச் சொன்னார்கள். கிராம சுகாதார செவிலியர் சொன்னதும் அதேதான். அம்மாச்சிதான் விடமாட்டேன் என்கிறார். "கல்யாணம் ஆகாத பிள்ளைய பிரசவ ஆஸ்பத்திரி வாசல்ல நிறுத்துனா நாளைக்கு எவன் பொண்ணு கேட்டு வருவான்?" (சடங்குக்கு ஊரெல்லாம் ஃபிளெக்ஸ் வைத்த வீடு இது!) அக்காவும் வாய் திறப்பதில்லை.

கர்ப்பிணிகள் வரிசையில் நிற்காமல் காட்ட, அரசு ராஜாஜி மருத்துவமனையிலோ மேலூர் அரசு மருத்துவமனையிலோ வளரிளம் பெண்களுக்கான தனி ஓபி எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு நடக்கிறது?