கீயை விட்ட பிறகும் அடியில் உறுமல் நிற்கவில்லை, உதவி தேவை

ஒயர்மணி:
வணக்கம். என் மாடுலர் சிந்தசைசரில் (தனித்தனி மாட்யூல்களைக் கேபிளால் இணைத்து ஒலி உண்டாக்கும் கருவி) கீயிலிருந்து கையை எடுத்தாலும் சத்தம் முழுசாக நிற்கமாட்டேன் என்கிறது, அடியில் ம்ம்ம் என்று ஓர் உறுமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஃபில்டர் கட்ஆஃபை முழுக்க இறக்கியும் பார்த்துவிட்டேன். சனிக்கிழமை வாசிக்க வேண்டும், யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

பாஸ்பிரியன்:
என்ன ஃபில்டர்? விசிஏ (வோல்டேஜால் ஒலி அளவைக் கட்டுப்படுத்தும் ஆம்ப்ளிஃபையர்) இருக்கிறதா? என்வலப் (கீயை அழுத்தினால் ஏறி, விட்டால் இறங்கும் வோல்டேஜ்) எங்கே போகிறது? வெறும் உறுமலை வைத்து என்ன சொல்வது, ஒரு ஃபோட்டோவாவது போடுங்கள்.

எர்த்_ராஜா:
பவர் சப்ளைதான், சந்தேகமே வேண்டாம். ±12 வோல்ட் சரியாக வருகிறதா என்று மீட்டர் வைத்துப் பாருங்கள். பிளக் பாயிண்டில் எர்த் இல்லையென்றால் வேறு எங்கும் தேடவே வேண்டாம்.

பழையகை:
தம்பி, ஃபில்டர் ஒன்றும் தண்ணீர்க் குழாய் இல்லை, மூடியதும் நிற்பதற்கு. கட்ஆஃப் என்ற எல்லைக்கு மேலே உள்ள அதிர்வெண்களைத்தான் குறைக்கும், மூக் லேடர் வகை ஃபில்டர் என்றால் ஆக்டேவுக்கு 24 டெசிபல். கீழே இருப்பது தாராளமாக வெளியே வரும். சத்தத்தை நிறுத்துவது விசிஏவின் வேலை. இதெல்லாம் மாட்யூல்களால் ராக்கை நிரப்புவதற்கு முன்னால் படித்திருக்க வேண்டியது.

ஒயர்மணி:
விசிஏ இருக்கிறது. ஒலியைப் பிறப்பிக்கும் ஆசிலேட்டர், ஃபில்டர், விசிஏ, மிக்ஸர், அவ்வளவுதான். ஒரே என்வலப் ஃபில்டருக்கும் விசிஏவுக்கும் போகிறது.

சதுரஅலை:
மீட்டர் இப்போதைக்கு வேண்டாம். வெவ்வேறு கீயை அழுத்தி விட்டுப் பாருங்கள். உறுமலின் சுருதியும் கூடவே மாறினால் அது ஆசிலேட்டர் கசிவு, கரண்ட் இரைச்சல் என்றால் எதை அழுத்தினாலும் 50, இல்லை 100 ஹெர்ட்ஸிலேயே கிடக்கும். அப்புறம் விசிஏவுக்குப் போகும் கேபிளை என்வலப் பக்கம் உருவுங்கள் (விசிஏ பக்கம் உருவினால் சில மாட்யூல்கள் தானாகவே முழுசாகத் திறந்துகொள்ளும், குழப்பம்தான் மிஞ்சும்). அப்போதும் சத்தம் வந்தால் விசிஏவின் கெய்ன் நாப் எங்கே நிற்கிறது என்று பாருங்கள், சிலதில் ஆஃப்செட் அல்லது பயாஸ் என்று போட்டிருக்கும். அது ஏறியிருந்தால் என்வலப் பூஜ்யத்துக்கு வந்தாலும் விசிஏ மூடாது.

எர்த்_ராஜா:
இருந்தாலும் பவர் சப்ளையை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

பாஸ்பிரியன்:
விசிஏ லீனியரா (வோல்டேஜுக்கு நேர் விகிதத்தில் ஏறுவது), எக்ஸ்போனென்ஷியலா (மடங்கு மடங்காக ஏறுவது)? ஒலிக்கு எக்ஸ்போனென்ஷியல்தான் போட வேண்டும், காதே அந்தக் கணக்கில்தான் கேட்கிறது. லீனியரில் கடைசி வரை சத்தமாக நின்று சட்டென்று அறுந்துவிடும்.

பழையகை:
என்வலப் நேர்கோடாக இறங்கினால் அறுந்துவிடும். அனலாக் என்வலப்பில் பெரும்பாலும் கெப்பாசிட்டர் ரெசிஸ்டர் வழியாக வடிகிறது, அந்த வளைவே எக்ஸ்போனென்ஷியல்தான். அதைக் கொண்டுபோய் எக்ஸ்போனென்ஷியல் விசிஏவில் விட்டால் வளைவுக்கு மேல் வளைவு, மத்தளம் மாதிரி டப்பென்று முடிந்துவிடும்.

பாஸ்பிரியன்:
அப்படியானால் டோப்ஃபர் கம்பெனி விசிஏக்களில் ஏ-130 லீனியர், ஏ-131 எக்ஸ்போனென்ஷியல் என்று எதற்கு இரண்டு போட்டார்கள்?

பழையகை:
வாங்கிக் காதால் கேட்டுவிட்டு வாருங்கள், பேசலாம்.

வாக்ட்ரோல்:
இந்தச் சண்டையே வேண்டாம் என்றால் பூக்லா 292 வகை லோ-பாஸ் கேட் பக்கம் வாருங்கள். ஃபில்டரும் ஆம்ப்ளிஃபையரும் ஒரே மாட்யூலில். உள்ளே ஒரு சின்ன விளக்கும் ஒளியை உணரும் ரெசிஸ்டரும் இருக்கும், விளக்கு அணைந்தாலும் ரெசிஸ்டர் மெதுவாகத்தான் பழைய நிலைக்குத் திரும்பும், அதனால் நாதம் தானே தேய்ந்து மறையும்.

ஒயர்மணி:
சுருதி மாறியது. கெய்ன் பாதியில் நின்றது, இறக்கினேன், உறுமல் போய்விட்டது. நன்றி சதுரஅலை. மிக்ஸரில் மட்டும் லேசாக ஓர் இரைச்சல், அப்புறம் பார்க்கிறேன்.

எர்த்_ராஜா:
அந்த இரைச்சல் 50 ஹெர்ட்ஸா?

பாஸ்பிரியன்:
பழையகை ஐயா, லீனியர், எக்ஸ்போனென்ஷியல் இரண்டையும் ஸ்கோப்பில் (அலை வடிவம் காட்டும் கருவி) போட்டுப் படம் எடுத்திருக்கிறேன், இரவு ஏற்றுகிறேன்.