உயர்தர உயிரியல்: குறிப்புகளைத் தொலைபேசியில் படிப்பதா, அச்சிட்டுப் படிப்பதா?

சுன்னாகம் பெற்றார்:

அனைவருக்கும் வணக்கம். என் மகள் அடுத்த வருடம் உயிரியல் பிரிவில் க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றவுள்ளாள். தனியார் வகுப்புக் குறிப்புகள் எல்லாம் வட்ஸ்அப்பில் பீ.டி.எஃப். கோப்புகளாகவே வருகின்றன, தேசிய கல்வி நிறுவகத்தின் வளநூல்களையும் அவள் தொலைபேசியில்தான் வைத்திருக்கிறாள். இரவு பதினொரு மணி வரை திரையைப் பார்த்தபடி இருப்பாள். கேட்டால் "எல்லாம் விளங்குது அப்பா" என்பாள். ஆனால் சென்ற தவணைப் பரீட்சையில் சிறுநீரகத்தியின் (சிறுநீரகத்தில் இரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய அலகு) படத்தை வரைந்து பெயரிடும் வினாவைப் பாதியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறாள். அந்தப் படத்தை முதல் நாள் இரவுதான் பெருப்பித்துப் பார்த்தாளாம். எல்லாவற்றையும் போட்டோக் கொப்பி எடுக்க என் சம்பளம் இடங்கொடாது. எழுத்து ஒன்றுதான் என்னும்போது, அது கடதாசியில் இருந்தாலென்ன, கண்ணாடியில் இருந்தாலென்ன?

கொக்குவில் ஆசிரியர் (ஓய்வு):

உங்கள் மகள் பொய் சொல்லவில்லை. அவளுக்கு உண்மையிலேயே விளங்கியதாகத்தான் தோன்றியிருக்கும். சிக்கலே அங்குதான் இருக்கிறது. 2011 இல் அக்கர்மன், கோல்ட்ஸ்மித் என்ற இரு ஆய்வாளர்கள் மாணவர்களைப் படிக்க வைத்து, தங்களுக்கு எவ்வளவு புள்ளி கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்லவும் வைத்தார்கள். எவ்வளவு நேரம் படிப்பது என்பதை மாணவர்களே தீர்மானித்தபோது, திரையில் படித்தவர்கள் தமது விளக்கத்தை மிகையாக மதிப்பிட்டதோடு, கடதாசியில் படித்தவர்களை விடக் குறைவான புள்ளிகளையே பெற்றார்கள். பின்னர், 2000 தொடக்கம் 2017 வரை வெளிவந்த 54 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து டெல்காடோவும் அவரோடு சேர்ந்தோரும் 2018 இல் வெளியிட்ட பகுப்பாய்வும் கடதாசியின் பக்கமே சாய்ந்தது. அதில் அடங்கியவர்கள் ஒரு இலட்சத்து எழுபதாயிரம் பேருக்கு மேல். ஆனால் வேறுபாடு பெரிதல்ல என்பதையும், கதை வாசிப்பில் அது காணப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பாடப்புத்தகம் போன்ற தகவல் நிறைந்த எழுத்தில்தான் இழப்பு தெரிகிறது. தொலைபேசியில் விரலால் தள்ளிக்கொண்டே போகும் பழக்கம் படிப்பிலும் தொற்றிக்கொள்கிறது என்பது என் எண்ணம்.

இன்னொன்று: இரண்டாம் வினாத்தாளில் மூன்று மணித்தியாலம் கையால்தான் எழுத வேண்டும். முதலாம் வினாத்தாளின் ஐம்பது பல்தேர்வு வினாக்களுக்குத் திரைப் பயிற்சி ஓரளவு உதவலாம். அமைப்புக் கட்டுரை வினாவுக்கு அது போதாது. வரைந்து பழகாத கை பரீட்சை மண்டபத்தில் புதிதாக வரையுமா? ஆகவே அச்சிடுவதைப் பற்றி யோசிப்பதற்கு முன், ஒரு பக்கத்தைப் படித்ததும் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நினைவிலிருந்து கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். அதற்கு ஒரு பேனையும் பழைய கொப்பியும் போதும்.

திருநெல்வேலி, பல்கலைக்கழக மாணவன்:

ஆசிரியர் ஐயாவின் கருத்தைப் பெரும்பாலும் ஏற்றாலும், திரையைக் குற்றவாளியாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாகின. வேறு பிரதி இல்லாதவை அத்தோடு போயின. 2005 இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணையத்தளத்தினால்தான், கடையிலும் கிடைக்காத பழைய ஈழத்து நூல்களை என் அறையில் இருந்தபடியே படிக்கிறேன். 2022 இல் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன. அந்த நாட்களில் நாங்கள் எதில் படித்திருக்க முடியும்?

மடிக்கணினியில் குறிப்பெடுப்பவர்கள் விரிவுரையைச் சொல்லுக்குச் சொல் தட்டச்சிடுவதால் கருத்து வினாக்களில் பின்தங்குகிறார்கள் என்று 2014 இல் வந்த ஆய்வை எங்கள் விரிவுரையாளர்களும் எடுத்துக்காட்டுவதுண்டு. 2019 இல் வேறு ஆய்வாளர்கள் அதைத் திரும்பச் செய்தபோது அவ்வளவு தெளிவான வேறுபாடு கிடைக்கவில்லை. என் அனுபவத்தில் கெடுதல் செய்வது பீ.டி.எஃப். அல்ல, அதே தொலைபேசியில் நிமிடத்துக்கொருமுறை வரும் வட்ஸ்அப் செய்திதான். கோப்புகளை இறக்கி வைத்துவிட்டு டேட்டாவை நிறுத்திப் படிக்கலாம். கடந்தகால வினாத்தாள்களில் ஒரே விடயம் எத்தனை வருடம் வந்திருக்கிறது என்று தேடிப் பார்க்கவும் திரையே வசதி.

காரைநகர் அம்மா:

ஒரு தாளில் பக்கத்துக்கு இரண்டாக, இருபுறமும் அச்சிடச் சொல்லுங்கள்; நான்கு பக்கங்கள் ஒரே தாளில் அடங்கிவிடும். எழுத்துச் சற்றுச் சிறிதாக இருக்கும், பிள்ளைகளின் கண்ணுக்குப் பரவாயில்லை. என் மகனுக்கு அப்படித்தான் செய்தோம்.

சுன்னாகம் பெற்றார்:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு ஆசிரியர் ஐயா சொன்னபடி தொலைபேசியைக் கவிழ்த்து வைக்கச் செய்தேன். சிறுநீரகத்தியின் தொடக்கமான போமனின் உறையை அழகாக வரைந்தவள், அதன் வளைந்த குழாய்ப் பகுதியான ஹென்லேயின் தடம் வரை வந்து நின்றுவிட்டாள். முதலில் என்னோடு கோபித்தாள். பிறகு தானாகவே மீண்டும் திறந்து பார்த்து, மூன்றாம் முறை முழுவதையும் வரைந்து முடித்தாள். டேட்டாவை நிறுத்துவதற்கு இன்னும் சம்மதிக்கவில்லை. அந்த அலகின் எழுபது பக்கங்களில், படங்கள் உள்ள பதினொரு பக்கங்களை மட்டும் இன்று அச்சிட்டோம். எவை வேண்டும் என்று தெரிவுசெய்தவள் அவளேதான்.