ஹியூமன் ஜெனிட்டிக்ஸ் முடிச்சவங்க இன்டர்வியூவில் மாட்டின கதைகளைச் சொல்லுங்க

தாம்பரம் லோக்கல்:
சென்னையில எம்.எஸ்சி ஹியூமன் ஜெனிட்டிக்ஸ் முடிச்சு நாலு மாசம் ஆகுது. போன வாரம் ஹைதராபாத்துல ஒரு புராஜெக்ட் ஜேஆர்எஃப் (ஜூனியர் ரிசர்ச் ஃபெலோ) வேலைக்கு வாக்-இன். ராத்திரி சார்மினார் எக்ஸ்பிரஸ் ஏறி, காலையில ஸ்டேஷன்லயே முகம் கழுவிட்டு, சர்ட்டிஃபிகேட் ஃபைலோட போய் உட்கார்ந்தேன். ஒரே ஒரு இடம், வராண்டா கொள்ளாத கூட்டம்.

கிரிஸ்பர், எக்ஸோம் சீக்வென்சிங் எல்லாம் உருப்போட்டு வச்சிருந்தேன். அவங்க ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, அக்கா மகளைக் கட்டினவர் குடும்பத்துக்குப் பெடிக்ரீ, அதாவது வம்சப் படம், போடச் சொன்னாங்க. பிறக்குற குழந்தையோட இன்பிரீடிங் கோஎஃபிஷியன்ட் (ஒரே மூதாதையரோட ஜீன் அப்பா, அம்மா ரெண்டு வழியிலயும் வந்து சேர்ற வாய்ப்பு) எவ்வளவுன்னும் கேட்டாங்க. தமிழ்நாட்டுப் பொண்ணுன்னு பார்த்துதான் கேட்டிருப்பாங்க.

எங்க அப்பாவே அம்மாவுக்குத் தாய்மாமன்தாங்க. அம்மாச்சி எனக்கு அத்தையும்கூட. பொழுதுக்கும் வீட்டுல புழங்குற உறவு. தாள்ல போட்டா கோடு குறுக்கும் மறுக்கும் ஓடுது, அப்பாவைப் பெத்த பாட்டி ரெண்டு தலைமுறையில வந்து நிக்கிறாங்க. பதட்டத்துல 1/16னு சொல்லிட்டேன். அது அத்தை மகள், மாமன் மகள் கட்டினவங்களுக்கு. தாய்மாமன் கல்யாணத்துக்கு 1/8. வெளிய வந்து தண்ணி குடிக்கும்போதே உறைச்சுது.

உங்க கதையையும் சொல்லுங்க.

ஸ்லைடு ராணி:
தாள்ல மாட்டினது பரவாயில்லம்மா, என்னைக் கையால செய்யச் சொன்னாங்க. தனியார் லேப், குரோமோசோமை எண்ணிப் பார்க்குற கேரியோடைப்பிங் பிரிவு. ஒருத்தரும் தியரி கேக்கல. கல்ச்சர் டியூபைக் கையில கொடுத்து "ஸ்லைடு போடு"ன்னாங்க. ரத்தத்தை 37 டிகிரியில 72 மணி நேரம் வளர்த்து, கோல்சிசின் போட்டு செல்லை நிறுத்தி, பொட்டாசியம் குளோரைடுல ஊதவச்சு, மெத்தனால் மூணு பங்கு அசிட்டிக் ஆசிட் ஒரு பங்குல கழுவினதெல்லாம் ஏற்கெனவே முடிஞ்சிருந்துச்சு. கடைசிச் சொட்டு மட்டும் என் பொறுப்பு.

ஏசி அறை, காத்து வறண்டு கிடக்கு. முதல் ஸ்லைடு சட்டுனு காஞ்சு குரோமோசோம் எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உளுந்தவடை மாதிரி உட்கார்ந்திருச்சு. எங்க சீனியர் அக்கா சொல்லிக்கொடுத்தது அப்பதான் ஞாபகம் வந்தது: ஸ்லைடு மேல "ஹா"ன்னு மூச்சு விட்டு, ஈரம் பூத்ததும் சொட்டு விடு. விட்டேன், நல்லா விரிஞ்சுது. ஐப்பசி மழையில இதே வேலை தலைகீழ். ஸ்லைடு காயவே காயாது, அளவுக்கு மேல விரிஞ்சு ஒண்ணு ரெண்டு குரோமோசோம் தொலைஞ்சே போயிடும். 46 எண்ண வேண்டிய இடத்துல 44ன்னு வரும். நமக்குத்தான் வயித்துல புளியைக் கரைக்கும்.

வேலை கிடைச்சுது. சம்பளம் பதினைஞ்சாயிரம், அதைப் பத்திப் பேச வேணாம்.

மூணாவது அட்டெம்ப்ட்:
நெட், அதாவது ஜேஆர்எஃப் உதவித்தொகைக்கான தகுதித் தேர்வு எழுதுறவங்களுக்காக இது. சிஎஸ்ஐஆர் லைஃப் சயின்ஸ்ல சி பார்ட்தான் நம்மளை ஏத்தும், இறக்கும். 75 கேள்வியில 25 எழுதினா போதும், ஒவ்வொண்ணும் 4 மார்க். பெடிக்ரீ, லிங்கேஜ், ஹார்டி-வெயின்பர்க் கணக்கு நமக்குச் சொந்த ஊர் மாதிரி. அதை விட்டுட்டுச் செடி ஃபிசியாலஜியில போய் மோதி நெகட்டிவ் மார்க் வாங்கினவன் நான், ரெண்டு தடவை.

ஜேஆர்எஃப் தொகை 2023லிருந்து மாசம் 37,000. ஆனா எனக்கு முதல் பணம் கைக்கு வர அஞ்சு மாசம் ஆச்சு, அதுவும் மொத்தமா. அதுவரைக்கும் வாடகைக்கு வழி பண்ணி வச்சுக்குங்க.

இன்னொண்ணு. ஒரு ஆபீஸ்ல என் டிகிரியைப் பார்த்துட்டு, "விளம்பரத்துல பயோடெக்னாலஜி, லைஃப் சயின்ஸ்னுதான் இருக்கு, ஹியூமன் ஜெனிட்டிக்ஸ்னு இல்லையே"ன்னு ஃபைலைத் திருப்பித் தள்ளினாங்க. ரெண்டு டிகிரியும் சமம்னு சொல்ற ஈக்விவலன்ஸ் லெட்டருக்கு ரெண்டு வாரம் அலைஞ்சு வாங்கிட்டு வர்றதுக்குள்ள இடம் போயிருச்சு. டிபார்ட்மென்ட்ல முன்னாடியே ஒரு லெட்டர் வாங்கி ஃபைல்ல வச்சுடுங்க. ஐசிஎம்ஆர் (மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) ஜேஆர்எஃப், டிபிடி (மத்திய பயோடெக்னாலஜி துறை) ஜேஆர்எஃப் ரெண்டையும் விடாதீங்க, தகுதி வரியை மட்டும் ஒரு வார்த்தை விடாமப் படிங்க.

வெயிட்டிங் ஹால்:
நான் ஜெனிட்டிக் கவுன்சலிங் பக்கம் போயிட்டேன். முதல் வாரம், பனிக்குட நீர் டெஸ்ட் ரிசல்ட் வாங்க வந்த மாமியார் காதோரமா வந்து, "குழந்தை நல்லாருக்குன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க கண்ணு, சட்டை எடுக்கவா பாவாடை எடுக்கவா, அதை மட்டும் சொல்லு"ன்னாங்க. 1994 சட்டப்படி ஆணா பொண்ணான்னு சொல்லக் கூடாது பாட்டின்னேன். "சட்டைதானே?"ன்னு என் மூஞ்சியையே படிக்கிறாங்க. ரிப்போர்ட்ல பாலினக் குரோமோசோமை மறைச்சாச்சு, மூஞ்சியை எங்க மறைக்க?

லேப் கிடைக்காம உட்கார்ந்திருக்கவங்க கம்ப்யூட்டர் பக்கமும் பாருங்க. ஜீனோம்இந்தியா திட்டத்துல எடுத்த சுமார் 10,000 பேரோட ஜீனோம் தரவை 2025 ஜனவரியில ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்தாங்க, ஃபரிதாபாத் தரவு மையத்துல இருக்கு. விண்ணப்பம் போடக் கைடு வேணும், ஆனா அந்தக் கைடுக்கு ஆர்ங்கிற கம்ப்யூட்டர் மொழியில கோடு எழுதத் தெரிஞ்ச ஆள் வேணும். அந்த வழியிலதான் என் கிளாஸ்மேட் உள்ள போனான்.

தாம்பரம் லோக்கல்:
எல்லாருக்கும் நன்றி. ஹைதராபாத் வேலை கிடைக்கல, மெயில் வந்துருச்சு. அடுத்தது தரமணியில, வர்ற வியாழன்.

நேத்து ராத்திரி சாப்பாட்டு மேஜையில எங்க குடும்பத்தையே வரைஞ்சு பழகிட்டு இருந்தேன். அம்மா எட்டிப் பார்த்துட்டு, "எனக்கும் அப்பாவுக்கும் நடுவுல எதுக்குடி ரெட்டைக் கோடு?"ன்னாங்க. சொந்தத்துல கட்டினா அப்படித்தான் போடணும்னேன். "அப்ப எங்க தாத்தாவுக்கும், அதான் உங்கப்பாவோட அப்பாவுக்கும், ரெட்டைக் கோடு போடு, அவர் கட்டினதும் அவரோட சொந்த அத்தை மகளைத்தான்"னு சொல்லிட்டு, சோத்துல ரசத்தை ஊத்திட்டுப் போயிட்டாங்க.

திரும்ப உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எனக்கு 1/8 இல்லையாம், 9/64.