விண்டோஸ் 11 போட்டதும் பந்தல் பட்டியல் முழுக்க பவுண்ட் குறி, சென்ட் குறி! உதவி தேவை

பந்தல்காரி_பட்டர்வொர்த்

எல்லாருக்கும் வணக்கம். லேப்டாப்பில் விண்டோஸ் 10 இருந்தது. 2025 அக்டோபர் 14-ஓட ஆதரவு முடிஞ்சிருச்சு, இனிமே பாதுகாப்பு அப்டேட் வராதுன்னு எல்லாரும் சொன்னதால பினாங்கு கொம்தார் பக்கம் ஒரு கடையில குடுத்து விண்டோஸ் 11 போட்டு வாங்கினேன். ஃபைல் எல்லாத்தையும் டி டிரைவ்ல பத்திரமா எடுத்து வச்சுத்தான் குடுத்தாங்க, அதுல குறை சொல்ல மாட்டேன்.

பிரச்சனை எங்கன்னா, தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை போற வழியில நாங்க வருசா வருசம் தண்ணீர்ப் பந்தல் போடுவோம். நன்கொடை குடுத்தவங்க பேரெல்லாம் ஒரு எக்செல் ஃபைல்ல இருக்கு. மாமனார் ஆரம்பிச்சது, அவர் காலத்துக்கு அப்புறம் நான் பார்த்துக்கிறேன். இப்போ திறந்தா பேர் இருந்த இடத்துல பவுண்ட் குறி, சென்ட் குறி, முக்கால்னு பின்னம் போடுவாங்களே அது, தலைகீழா ஒரு ஆச்சரியக்குறி, தலையில கொம்பு முளைச்ச ஆங்கில எழுத்து. வெள்ளி (ரிங்கிட்) கணக்கும் போன் நம்பரும் அப்படியே இருக்கு, தாமான் (குடியிருப்பு) பேர்கூட (ஆங்கிலத்துல அடிச்சது) சரியா இருக்கு. தமிழ் மட்டும் போச்சு.

கடைக்குப் போன் பண்ணா "தமிழ் ஃபோண்ட் உள்ளேயே இருக்கே கா" என்கிறான் பையன். அதுவும் நிஜம்தான், இணையத்துல தமிழ் நல்லாவே தெரியுது. அப்புறம் ஏன் என் ஃபைல் மட்டும் இப்படி? ரசீதுப் புத்தகம் அடிக்கணும், பூசம் நெருங்குது. யாராவது சொல்லுங்களேன்.

சுங்கை_ஆரா_தம்பி

அக்கா, செட்டிங்ஸ் > சிஸ்டம் > ரிகவரில "கோ பேக்" இருக்கான்னு பாருங்க. 11-க்கு ஏறி 10 நாளுக்குள்ள இருந்தா பழைய 10-க்கே திரும்பிடலாம்.

பந்தல்காரி_பட்டர்வொர்த்

பார்த்தேன் தம்பி. அந்தப் பட்டன் மங்கலா இருக்கு, அமுக்க முடியல.

செந்தூல்_அச்சுக்கூடம்

மங்கலாகத்தான் இருக்கும். கடையில் பழையதன் மேல் ஏற்றவில்லை, துடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். மேலேற்றியிருந்தால் சி டிரைவில் "விண்டோஸ்.ஓல்டு" என்று ஒரு ஃபோல்டர் இருக்கும், அதற்குள் பழைய ஃபோண்ட்டுகளும் இருந்திருக்கும். துடைத்துப் போட்டால் அதுவும் கிடையாது.

அம்மா, பதற வேண்டாம். உங்கள் பட்டியலில் ஒரு எழுத்துகூடத் தொலையவில்லை. நீங்கள் பார்த்ததை இவ்வளவு விவரமாக எழுதியதால் திரையைப் பார்க்காமலே சொல்ல முடிகிறது: அது திஸ்கி, தமிழ் எழுத்தைச் சேமிக்கிற பழைய குறிமுறை. முக்கால் பின்னம் இருக்கிற இடமெல்லாம் "த". சென்ட் குறி இகரக் கொக்கி, பவுண்ட் குறி ஈகாரக் கொக்கி, தலைகீழ் ஆச்சரியக்குறி துணைக்கால். உங்கள் மாமனார் "தமிழ்" என்று அடித்ததைக் கணினி அன்றைக்கே முக்கால் பின்னம், கொம்பு வைத்த ஆங்கில ஏ, சென்ட் குறி, கொம்பு வைத்த ஆங்கில யு என்றுதான் சேமித்தது. அதன்மேல் தமிழ் வடிவம் போட்டுக் காட்டியது ஃபோண்ட். ஃபோண்ட் போனதும் உள்ளே இருப்பது வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

கடைப் பையன் சொன்ன ஃபோண்ட் வேறு. விண்டோஸோடு வரும் நிர்மலா யூஐ, யூனிகோட் ஃபோண்ட்; யூனிகோட் என்பது எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தருகிற இன்றைய பொதுக் குறிமுறை. 2000-ஆம் ஆண்டு விண்டோஸ் 2000 வந்தபோதே லதா என்ற தமிழ் யூனிகோட் ஃபோண்ட் அதில் இருந்தது. ஆனால் நாங்கள் எல்லாரும் அதற்குப் பிறகும் பல வருடம் திஸ்கியிலும் டாப், டாம் என்ற மற்றப் பழைய குறிமுறைகளிலும்தான் அடித்துக்கொண்டிருந்தோம். திருமண அழைப்பிதழ், கோயில் நோட்டீஸ், இரங்கல் செய்தி எல்லாம்.

சுங்கை_ஆரா_தம்பி

அப்போ அந்தப் பழைய ஃபோண்ட்டைத் தேடிப் போட்டா முடிஞ்சிருமே ஐயா? திஸ்கி இணைமதி ஃபோண்ட் எங்க வீட்டுப் பழைய சிபியுல இருக்கு, அக்காவுக்கு அனுப்பிடவா?

செந்தூல்_அச்சுக்கூடம்

போடலாம், உடனே தெரியும். இன்றைக்கே ரசீது அடிக்க வேண்டுமானால் அதைச் செய்யுங்கள். ஆனால் நான் சொல்வேன், அதோடு நிறுத்தாதீர்கள். அம்மாவிடம் ஒரு கேள்வி: அந்தப் பட்டியலைப் பெயர் வரிசையில் அடுக்கினால் சரியாக வருமா?

பந்தல்காரி_பட்டர்வொர்த்

அய்யோ, அதை ஏன் கேக்குறீங்க! எப்போ அடுக்கினாலும் வேலு, சேகர், தேவி, பேச்சியம்மா எல்லாம் ஒரே கும்பலா மேல வந்து நிப்பாங்க. மாமனார் "எக்செல்லுக்குத் தமிழ் வராது"ன்னு சொல்லி கையாலதான் மாத்தி மாத்திப் போடுவாரு.

செந்தூல்_அச்சுக்கூடம்

அதுதான். திஸ்கியில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் சேமிப்பார்கள். "வே" என்றால் முதலில் ஏகாரக் கொம்பு, பிறகு "வ". எக்செல் முதல் குறியைப் பார்க்கும், நால்வருக்கும் அதே கொம்பு, ஒன்றாக நிற்க வைத்துவிடும். யூனிகோடில் "வ" முன்னால், கொம்பு பின்னால். எந்த ஃபோண்ட்டில் காட்டினாலும் எழுத்து எழுத்தாகவே இருக்கும்.

ஆகவே மாற்றிவிடுங்கள். மாற்றுவதற்குப் பழைய ஃபோண்ட்டே தேவையில்லை. என்.எச்.எம். கன்வெர்ட்டர் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது.

முதலில் ஃபைலை நகல் எடுத்துக்கொள்ளுங்கள், மூலத்தைத் தொடவே தொடாதீர்கள். நகலில் பெயர் இருக்கிற ஒரு நெடுவரிசையை மட்டும் காப்பி பண்ணி நோட்பேடில் ஒட்டி, என்கோடிங் என்ற இடத்தில் யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். ஆன்சி என்று சேமித்து, பிறகு மாற்றிய தமிழை அதே ஃபைலில் ஒட்டினால் எல்லாம் கேள்விக்குறியாகிவிடும். கன்வெர்ட்டரில் திஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு என்று வைத்து மாற்றி, கிடைத்ததை எக்செல்லில் பக்கத்து நெடுவரிசையில் ஒட்டுங்கள். பழைய நெடுவரிசையை அழிக்காமல் இரண்டையும் அருகருகே வைத்துச் சரிபாருங்கள். வரி ஒன்று நழுவினால் ஒருத்தர் பணம் இன்னொருத்தர் பெயருக்குப் போய்விடும், கோயில் காசு விஷயம்.

ஜ, ஷ, ஸ, ஹ வருகிற பெயர்களை மட்டும் தனியாகப் பாருங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன், இப்போது லாரி வந்து நிற்கிறது.

செராஸ்_வாசி

இடையில நுழையறதுக்கு மன்னிக்கணும். என்னுடையது இன்டெல் ஐ5, 7-ஆம் தலைமுறை. விண்டோஸ் 11 ஏத்த மாட்டேங்குது. இவ்வளவு நல்லா ஓடுற மெசினைத் தூக்கிப் போடணுமா?

சுங்கை_ஆரா_தம்பி

தூக்கிப் போடாதீங்கண்ணே. இன்டெல்னா 8-ஆம் தலைமுறையிலிருந்துதான் மைக்ரோசாஃப்ட் பட்டியல்ல இருக்கு, கூடவே டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சிப்), செக்யூர் பூட், 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம் வேணும். உங்களுது முதல் படியிலேயே தட்டுது. ஆனா விண்டோஸ் 10 22எச்2 பதிப்பு இருந்தா, நீட்டிப்புத் திட்டத்துல சேர்ந்து 2026 அக்டோபர் 13 வரைக்கும் பாதுகாப்பு அப்டேட் வாங்கலாம். செட்டிங்ஸ்ல விண்டோஸ் அப்டேட் பக்கத்துலயே "என்ரோல்" வரும். எப்படிச் சேர்ந்தாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கு வேணும்; செட்டிங்ஸை பேக்கப் பண்ண ஒத்துக்கிட்டா காசு இல்ல, பேக்கப் வேணாம்னா 30 அமெரிக்க டாலர் கட்டலாம்.

செராஸ்_வாசி

யூடியூப்ல ஒருத்தர் பென்டிரைவ்ல ஏதோ பண்ணி பழைய மெசின்லயே 11 போடுறாரே?

சுங்கை_ஆரா_தம்பி

போடலாம், ஓடும். ஆனா அப்டேட் வருமான்னு மைக்ரோசாஃப்ட் பொறுப்பு ஏத்துக்காது. கேம் விளையாடுற மெசின்னா பண்ணிப் பாருங்க. பேங்க் கணக்கு பார்க்குற மெசின்ல வேணாம்லா.

பிரிக்பீல்ட்ஸ்_லினக்ஸ்

ரெண்டு பேருக்கும் ஒரே பதில்: விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட் போடுங்க.

பந்தல்காரி_பட்டர்வொர்த்

அண்ணே, எனக்கு ரசீதுப் புத்தகம் போதும், இப்போதைக்குப் புதுசா ஒன்னும் வேணாம் 🙏

செந்தூல் ஐயா, மாத்திட்டேன்! பேரெல்லாம் வந்துருச்சு. வேலு "வ"-லயும் சேகர் "ச"-லயும் போய் உக்கார்ந்துட்டாங்க. ஆனா நீங்க சொன்ன மாதிரியே ஒரு இடி. ராஜேந்திரன் "ஜ" இல்லாம "ரா", அப்புறம் ஒரு வட்டத்துல தொங்குற கொம்பு, "ந்திரன்"னு வருது. ஜெயாவும் ஷண்முகமும் இதே கதி. விஜயா "வியா" ஆயிட்டாங்க, அவங்க பார்த்தா நன்கொடையைத் திருப்பிக் கேப்பாங்க.

செந்தூல்_அச்சுக்கூடம்

எதிர்பார்த்ததுதான். திஸ்கியில் ஜ, ஷ, ஸ, ஹ, ஸ்ரீ எல்லாம் 128-லிருந்து 159 வரையுள்ள எண்களில் உட்கார்ந்திருக்கும். மற்ற எழுத்துகளில் பெரும்பாலானவை அதற்கு மேலே. அந்தச் சின்னப் பகுதியை விண்டோஸ் நிறுத்தற்குறிகளுக்கு வைத்திருக்கிறது, வேறு சில மென்பொருள்களோ அச்சில் வராத கட்டுப்பாட்டுக் குறிகளாக எடுத்து விழுங்கிவிடும். மின்னஞ்சல் வழியாகவோ வேறு எதன் வழியாகவோ ஒருமுறை போய் வந்த ஃபைலில் கிரந்த எழுத்துகள் மட்டும் காணாமல் போவது இதனால்தான். கன்வெர்ட்டர் மேல் பழி போடாதீர்கள், அது கொடுத்ததைத்தான் மாற்றும்.

நீங்கள் மாற்றிய ஃபைல் எங்கிருந்து வந்தது? வேறு நகல் இருக்கிறதா?

பந்தல்காரி_பட்டர்வொர்த்

இது கொழுந்தன் மெயில்ல அனுப்பினது. டி டிரைவ்ல மாமனார் வச்ச மூல ஃபைல் தனியா இருக்கு, அதைப் பார்க்கிறேன்.

…

வந்துருச்சு ஐயா. மூல ஃபைல்ல இருந்து மாத்தினா ராஜேந்திரன் முழுசா நிக்கிறாரு. விஜயாவும் பிழைச்சாங்க.

இன்னும் ரெண்டு சந்தேகம். மாமனார் தட்டச்சு பண்ணுன பழைய மென்பொருள் சிடி இருக்கு, போட்டா "இந்தக் கணினியில் ஓடாது"ன்னு வருது. அப்புறம் லதா ஃபோண்ட்ல அடிச்ச நோட்டீஸ் ஒன்னு வேர்டுல திறந்தா ஒரு பக்கம் ஒன்றரைப் பக்கமா ஓடுது.

சுங்கை_ஆரா_தம்பி

சிடி ரொம்பப் பழசுன்னா 16-பிட் மென்பொருளா இருக்கும்கா. விண்டோஸ் 11 64-பிட்ல மட்டும்தான் வருது, அதுல 16-பிட் ஓடாது. விடுங்க. விண்டோஸ்லயே தமிழ் விசைப்பலகை இருக்கு: செட்டிங்ஸ் > டைம் அண்ட் லாங்குவேஜ் > லாங்குவேஜ் அண்ட் ரீஜன்ல தமிழைச் சேர்த்துட்டு, பக்கத்துல மூணு புள்ளியை அமுக்கி லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ்ல "ஆட் எ கீபோர்டு". தமிழ் 99, தமிழ் அஞ்சல் ரெண்டும் வரும். ஆங்கில எழுத்தை வச்சு அடிச்சுப் பழகியிருந்தா அஞ்சல் எடுங்க. விண்டோஸ் பட்டனும் ஸ்பேஸும் சேர்த்து அமுக்கினா மொழி மாறும்.

லதாவுக்கு: ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்னு தேடி, "தமிழ் சப்ளிமென்டல் ஃபோண்ட்ஸ்" சேருங்க. லதாவும் விஜயாவும் வந்துரும் (இது ஃபோண்ட் விஜயா, உங்க நன்கொடை விஜயா இல்ல 😄). லதா இல்லாததால வேர்டு வேற ஃபோண்ட்டைப் போடுது, எழுத்து அகலம் மாறி வரி ஓடுது.

பந்தல்காரி_பட்டர்வொர்த்

ரெண்டும் சரியாயிருச்சு தம்பி, நல்லா இருப்பே. ஆனா பேனர் அடிக்கிற கடையில புதுப் பட்டியலை அனுப்பினா, "யூனிகோட் வேணாம், கொம்பெல்லாம் இடம் மாறி வருது, பழைய ஃபோண்ட்லயே குடுங்க" என்கிறாங்க. இவ்வளவு பாடுபட்டு மாத்தினதை மறுபடி பழசாக்கணுமா?

செந்தூல்_அச்சுக்கூடம்

வேண்டாம். பழைய வடிவமைப்பு மென்பொருள்களில் யூனிகோட் தமிழை ஒட்டினால் கொம்பும் காலும் பிரிந்து நிற்கும், அவர்கள் சொல்வது உண்மைதான். எழுத்தாகக் கொடுக்காதீர்கள். வேர்டில் பெயர்களை ஒழுங்காக அமைத்து பிடிஎஃப் ஆகச் சேமித்து அதைக் கொடுங்கள். ஃபோண்ட் உள்ளேயே போய்விடும், அவர்கள் படமாக எடுத்துப் பேனரில் வைத்துக்கொள்ளலாம். அச்சுக்குப் போகும் முன் மாதிரி ஒன்றை வாட்சப்பில் வாங்கி ஜ, ஷ, ஸ வரும் பெயர்களை ஒருமுறை படித்துவிடுங்கள்.

இன்னொன்று, அழைப்பிதழ்களைப் பப்ளிஷர் என்ற மைக்ரோசாஃப்ட் மென்பொருளில் செய்து வைத்திருந்தால் அவற்றையும் இப்போதே பிடிஎஃப் ஆக்கி வையுங்கள். 2026 அக்டோபரோடு பப்ளிஷருக்கும் ஆதரவை நிறுத்துகிறது மைக்ரோசாஃப்ட்.

பந்தல்காரி_பட்டர்வொர்த்

பப்ளிஷர்ல ஒரு ஃபோல்டர் நிறைய இருக்கு ஐயா. அதுல சிலது ஆங்கில எழுத்தும் நடுநடுவுல அரைப்புள்ளியுமா தெரியுது, பவுண்ட் குறியே இல்ல.

செந்தூல்_அச்சுக்கூடம்

அப்படியானால் அது திஸ்கி இல்லை, பாமினி என்ற இன்னொரு பழைய ஃபோண்ட் வகை. கன்வெர்ட்டரில் பாமினி என்று தேர்ந்தெடுங்கள். அதில் ஆங்கிலமும் தமிழும் ஒரே எழுத்துகளில் இருக்கும், ஆகவே ஆங்கில வரிகளைச் சேர்த்துக் கொடுத்தால் அவையும் தமிழ்போல ஏதோ ஆகிவிடும். தமிழ் வரிகளை மட்டும் பிரித்து எடுத்து மாற்றுங்கள்.